சத்தம் மட்டும் உள்ள வீடு

அப்பா இறந்து ஐந்தாறு மாதம் ஆகியிருந்த சமயம், தங்கை மகள் ஒரு வாரம் என்னோடு வந்து தங்கினாள். அடுத்த மாதம் புனேயில் கல்லூரியில் சேரப் போகிறவள். தங்கை குடும்பம் இருப்பது ராமச்சந்திராபுரத்தில், தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில். நான் சைனிக்புரியில், அப்பா ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றதும் கட்டிய வீட்டில். ஹைதராபாத் என்ற பெயருக்குத்தான் ஒரே ஊர். பஸ் மாறி, டிராஃபிக்கில் மாட்டிப் போய்ச் சேர்வதற்குள் அரை நாள் போய்விடும். அதனால் அவர்கள் வருவது கிறிஸ்மஸுக்கும் சாவுக்கும்தான்.

வந்த மூன்றாம் நாள் அவள் கேட்டாள்: "பெரியம்மா, நீங்க யார்கூட பேசுவீங்க?"

என்னிடம் எப்போதும் இங்கிலீஷில் பதில் சொல்கிறவள் அன்றைக்கு மட்டும் தமிழிலேயே பேசினாள்.

எனக்கு நாற்பத்தெட்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. அதற்குப் பெரிய கதை ஒன்றும் கிடையாது. வெளிநாட்டு டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்பும் மருத்துவக் குறிப்புகளைக் கேட்டு டைப் செய்வது என் வேலை. செகந்திராபாத்தில் இருபது வருஷம் ஆபீஸ் போய்ச் செய்தேன். பிறகு ஆபீஸை மூடிவிட்டு எங்களை வீட்டிலிருந்தே செய்யச் சொன்னார்கள். இப்போது கம்ப்யூட்டரே கேட்டு எழுதிவிடுகிறது. அது தப்பாக எழுதியதைத் திருத்துவது மட்டும் எனக்கு மிச்சம். நாள் முழுக்க காதுக்குள் யாரோ ஒருவர் அடுத்தவரின் ஈரலைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். நான் பேச ஆள் இல்லை. சில நாள் மதியம் வரை வாயே திறக்காமல் இருந்து, போன் வந்து 'ஹலோ' என்றால் தொண்டை கரகரக்கும்.

அவள் என் லாப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ஒரு கேம் போட்டுத் தரேன்."

"கேமா? எனக்கா?"

"சுடுறது, குத்துறது எல்லாம் நக்கோ, வேணாம்னு சொல்றவங்களுக்கு இது. இதுல யாரும் சாக மாட்டாங்க. ஜஸ்ட் ட்ரை, பெரியம்மா."

திரையில் ஒரு ரயில் நிலையம். பெஞ்சில் ஒருத்தி தனியாக. உட்காரலாம், எழுந்து நிற்கலாம், தண்டவாளத்தை எட்டிப் பார்க்கலாம். வேறு எதுவும் செய்ய முடியாது. கால் மணி நேரம் கழித்து ஒரு ரயில் வரும். ஏறினால் விளையாட்டு முடிந்தது. ஏறாவிட்டால் அது போய்விடும், அடுத்ததற்கு இன்னொரு கால் மணி நேரம்.

நான் மூன்று ரயிலை விட்டேன்.

"அய்யோ, பெரியம்மா! ஏறுங்க!"

"இரு பிள்ள. அவ எங்க போறான்னே தெரியல, அதுக்குள்ள எப்படி ஏற?"

அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த வாரம் நாங்கள் இருவரும் சேர்ந்து சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

அவள் போன பிறகு, அவள் காட்டித் தந்த இணையதளத்தில் நானே தேட ஆரம்பித்தேன். உலகத்தில் எங்கெங்கோ இருக்கிறவர்கள், ஒருவராகவோ இருவராகவோ, வேலை போக மிஞ்சிய நேரத்தில் செய்து சும்மா போட்டுவைத்த விளையாட்டுகள் அங்கே ஆயிரக்கணக்கில் இருந்தன. யாரும் விளம்பரம் செய்யாதவை. ஒன்றில் ஒரு செடியை வளர்க்க வேண்டும். அது நிஜ நாட்கணக்கில்தான் வளரும். ஒரு நாளைக்கு ஒரு முறைக்கு மேல் திறக்கவே விடாது. இன்னொன்றில் பாஷை தெரியாத ஊரில் கடைக்குப் போய் உப்பு வாங்க வேண்டும். அந்த ஊர் மொத்தமும் பேசுவது, விளையாட்டைச் செய்தவர் தானே உண்டாக்கிய பாஷை. சீனி, சோப்பு, மெழுகுவர்த்தி எல்லாம் வாங்கி அலைந்து, கடைசியில் கடைக்காரி உப்பை எடுத்து நீட்டியபோது நான் வாய்விட்டு "ரொம்ப நன்றிம்மா" என்று சொல்லிவிட்டேன். ஹாலில் என் குரல் கேட்டு எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

சில விளையாட்டுகள் திறக்கவே திறக்காது. சிலவற்றில் சுவருக்குள் விழுந்து கீழே கீழே போய்க்கொண்டே இருப்போம். அது கோளாறா, வேண்டுமென்றே செய்ததா என்று தெரியாது. அதுவும் எனக்குப் பிடித்திருந்தது. யாரோ ஒருவர் தன் மனசில் தோன்றியதைச் சரியாகச் செய்யத் தெரியாமல், ஆனால் விடாமல் செய்து வைத்திருக்கிறார் என்பது தெரிந்தது.

அப்படித்தான் ஒரு சனிக்கிழமை மத்தியானம், வெளியே மழை தூறிக்கொண்டிருந்தபோது, அந்த வீட்டுக்குள் போனேன்.

படமே இல்லாத விளையாட்டு. திரை முழுக்கக் கறுப்பு. ஹெட்போன் மாட்டிக்கொள், கண்ணை மூடினாலும் சரி என்று மட்டும் எழுதியிருந்தது. நாம் ஒரு கட்டிலில் இருக்கிறோம். எழுந்து சமையலறைக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக்கொண்டு திரும்ப வேண்டும். சத்தங்கள்தான் வழி. இடது பக்கம் குழாய் சொட்டுகிறது. எதிரே ஒரு கடிகாரம். தூரத்தில் ஏதோ ஒரு மோட்டார் உர்ரென்று ஓடிக்கொண்டிருக்கிறது. நடக்க நடக்க ஒன்று கிட்ட வருகிறது, ஒன்று விலகுகிறது. சுவரில் மோதினால் 'தொப்' என்று ஒரு சத்தம்.

எனக்குக் காதுதானே பிழைப்பு. இருமலுக்கு நடுவே மருந்தின் பெயரைப் பிடிக்கிறவள். முதல் இரண்டு சுற்றையும் சுலபமாக முடித்தேன். மூன்றாவது சுற்றும் அதே வீடு, அதே கட்டில். தைரியமாக நடந்தேன். தொப். திரும்பினேன். தொப். நாலடி எடுத்து வைத்ததும் கட்டில் எந்தப் பக்கம், சமையலறை எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. குழாய் சொட்டுகிறது, கடிகாரம் ஓடுகிறது. என்ன குறைகிறது என்று புரிய வெகு நேரம் ஆனது. சுவரும் மாறவில்லை, கதவும் மாறவில்லை. அந்த மோட்டார் சத்தத்தை மட்டும் எடுத்துவிட்டிருந்தார்கள்.

ஹெட்போனைக் கழற்றிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அப்பாவுக்குக் கண் அழுத்த நோய். நாலு வருஷத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்வை போய், கடைசியில் வெளிச்சம் இருட்டு மட்டும்தான் தெரிந்தது. ஆனால் வீட்டுக்குள் கம்பு பிடிக்க மாட்டார். முன்னறைக் கட்டிலிலிருந்து எழுந்து, ஹாலைக் கடந்து, அடுப்பங்கரைக்கு நேராக நடந்து போவார். வருகிறவர்கள் எல்லாம் ஆச்சரியப்படுவார்கள். பட்டாளத்துக்காரர், பழக்கம் என்று நானும் பெருமையாகச் சொல்லுவேன்.

அடுப்பங்கரை வாசலில் பழைய ஃப்ரிட்ஜ் ஒன்று நின்றது. ஓட ஆரம்பித்தால் எஞ்சினை அணைக்காத லாரி மாதிரி உறுமும். டாக்டர்களில் மெதுவாகப் பேசுகிறவர் வந்தால் எனக்கு ஒரு வார்த்தைகூடக் காதில் விழாது. தசரா சமயம் எக்ஸ்சேஞ்சில் அதைக் கொடுத்துவிட்டுப் புதிது வாங்கினேன். அன்று சாயங்காலம் அப்பா ஹால் நடுவில் வந்து நின்றார்.

"ஃப்ரிட்ஜ் ஓடுதா பிள்ள?"

"ஓடுதுப்பா. சத்தமே இல்ல, பாத்தியளா."

"ஆமா," என்றார். "சத்தமே இல்ல."

அதற்குப் பிறகு அவர் சுவரைத் தடவ ஆரம்பித்தார். டைனிங் டேபிளில் இடித்துக்கொண்டார். வயசாகிறது என்று நினைத்தேன். ஒருநாள் வேலை நடுவில் நாற்காலி விழுந்த சத்தம் கேட்டு எரிச்சலோடு ஓடிவந்து, "பாத்து வரக்கூடாதாப்பா?" என்று கத்தினேன். கண் தெரியாத மனுஷரிடம். அவர் சிரித்துக்கொண்டே, "பாத்துத்தான வாரேன்" என்றார். இன்னொரு நாள், "அந்த ரேடியோவ அடுப்பங்கரையில போட்டு வையேன் பிள்ள, மெதுவாப் பாட்டுப் படிக்கட்டும்" என்றார். எனக்கு வேலை இருக்கிறது, சத்தம் ஆகாது என்று சொல்லிவிட்டேன். மறுபடி அவர் கேட்கவில்லை.

தசரா முடிந்து எட்டு வாரம் கழித்து ஹாலில் விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் ஆகி வீட்டுக்கு வந்தவர் எழுந்திருக்கவே இல்லை. நெஞ்சில் சளி கட்டி மார்ச் மாதம் போய்விட்டார்.

அந்த விளையாட்டை விட்டு எழுந்த சனிக்கிழமை மத்தியானமே முன்னறைக்குப் போய் அவர் கட்டிலில் உட்கார்ந்து கண்ணை இறுக மூடிக்கொண்டு எழுந்து அடுப்பங்கரைக்கு நடந்தேன். நாற்பது வருஷம் இருந்த வீடு. பன்னிரண்டாவது அடியில் கை பாத்ரூம் கதவில் பட்டது.

தங்கைக்குப் போன் செய்தேன்.

"அப்பா விழுந்தது என்னாலதான்," என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"என்னக்கா சொல்லுத? கேம் விளையாண்டியா? நீயா?" என்றாள்.

"நான் சொன்னது காதுல விழுந்துச்சா இல்லையா?"

"விழுந்துச்சு. எழுபத்தொம்பது வயசு, கண்ணு தெரியாது. விழாம இருந்தாத்தான் அதிசயம். தனியா உக்காந்து எதையாவது போட்டுக் குழப்பிக்கிட்டு இருக்காத. இங்க வந்து ரெண்டு நாள் இரியேன்."

"வேல இருக்கு."

"உனக்கு எப்பவும் வேலதான்."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. போனை வைத்துவிட்டேன்.

அந்த விளையாட்டைச் செய்தவருக்கு எழுதினேன். பக்கத்தின் அடியில் ஒரு மின்னஞ்சல் முகவரி இருந்தது. அப்பாவைப் பற்றி, ஃப்ரிட்ஜைப் பற்றி, ரேடியோவைப் பற்றி எல்லாம் எழுதினேன். என்ன எதிர்பார்த்து எழுதினேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. ஏதோ ஒரு குளிர் தேசத்துத் துறைமுக ஊரில், பகலில் செருப்புக் கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண்.

'உங்கள் அப்பாவுக்காக வருந்துகிறேன். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பார்வையில்லாதவர்கள் யாரையும் கேட்டு நான் இதைச் செய்யவில்லை. இரண்டு சுற்று ஆனதும் எனக்கே சலிப்பாக இருந்தது, அதனால் மூன்றாவதில் ஒரு சத்தத்தை எடுத்தேன். எதை எடுப்பது என்று யோசிக்கக்கூட இல்லை. உங்கள் வீட்டில் நடந்தது இதுதானா என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது என்றே நினைக்கிறேன். இதை விளையாடிவிட்டு எனக்கு எழுதிய முதல் ஆள் நீங்கள்தான்.'

முதலில் கோபம் வந்தது. இரண்டு நாள் கழித்து மறுபடி படித்தேன். அவள் சொன்னது சரிதான், எனக்குத் தெரியாது. ரேடியோ எதற்கப்பா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். அதைக் கேட்கவில்லை. அவ்வளவு மட்டும்தான் நிச்சயமாகத் தெரிந்தது. அந்த அளவோடு அதைச் சுமந்துகொண்டு இருக்கப் பழகினேன்.

அவள் எழுதிய கடைசி வரி மட்டும் மனசை விட்டுப் போகவில்லை. அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும், யாருமே கருத்து எழுதாத விளையாட்டாகத் தேடி எடுத்து முழுக்க விளையாடி, கீழே நாலு வரி எழுதுவதை வழக்கமாக்கிக்கொண்டேன். எது பிடித்தது, எங்கே மாட்டிக்கொண்டேன், எந்தச் சத்தம் சரியில்லை. சிலர் பதில் எழுதினார்கள். ஒருவர், 'நீங்கள் ஹைதராபாத்தா? நாங்கள் சிலரும் இங்கேதான் விளையாட்டுகள் செய்கிறோம். மாதம் ஒரு சனிக்கிழமை கூடுவோம், வாருங்கள்' என்று ஒரு காபிக் கடையின் விலாசம் கொடுத்தார்.

இரண்டு மாதம் தள்ளிப்போட்டுவிட்டு மூன்றாவது மாதம் போனேன். ஊரின் மேற்கே, கண்ணாடிக் கட்டடங்கள் நடுவே ஒரு மாடி. இருபது பேர் இருக்கும், எல்லாருக்கும் இருபது இருபத்தைந்து வயசுதான். வாசலில் நின்ற பையன் தெலுங்கில், "ஆன்ட்டி, நீங்க யாரோட அம்மா?" என்று மரியாதையாகக் கேட்டான்.

"யாரோட அம்மாவும் இல்ல. விளையாட வந்தேன்," என்றேன்.

அவன் முகம் சிவந்துபோய் ஓடிப்போய் நாற்காலி கொண்டுவந்தான்.

மூலையில் ஒரு பெண் தன் லாப்டாப்போடு தனியாக உட்கார்ந்திருந்தாள். அவள் விளையாட்டில் நாம்தான் தண்ணீர். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து குழாய் வழியாக இறங்கி, யார் குழாயைத் திறக்கிறார்களோ அந்த வீட்டுக்குப் போகிறோம். ஒரு வீட்டில் சண்டை, ஒரு வீட்டில் குழந்தையைக் குளிப்பாட்டுகிறார்கள். கடைசி வீட்டில் யாரும் குழாயைத் திறப்பதில்லை. காத்திருக்க வேண்டும்.

"எல்லாரும் இந்த இடத்துல எழுந்து போயிடறாங்க," என்றாள் அவள்.

நான் இருந்தேன். வெகு நேரம் கழித்துக் குழாய் திறந்தது. யாரோ ஒரே ஒரு தட்டைக் கழுவி வைத்தார்கள். குழாய் மூடியது. விளையாட்டு முடிந்தது.

"எப்படி இருந்துச்சு, ஆன்ட்டி?" அவள் விரலைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"நல்லா இருந்துச்சு. ஆனா தட்டை வைக்கிற சத்தம் தப்பு. நீ வச்சிருக்கறது தட்டு மேல தட்டை அடுக்கற சத்தம். ஒரு ஆள் இருக்கற வீட்டுல அடுக்க மாட்டாங்க. கழுவி அப்படியே சுவத்துல சாய்ச்சு வைப்பாங்க."

அவள் என்னையே பார்த்தாள். "உங்களால அதை ரெக்கார்ட் பண்ணி அனுப்ப முடியுமா?"

மறுநாள் மதியம் சாப்பிட்டு முடித்து, போனைப் பாத்திரம் கழுவும் தொட்டி மேடையில் வைத்துவிட்டுத் தட்டைக் கழுவினேன். முதல் தடவை எதிர்வீட்டு நாய் குரைத்தது. இரண்டாம் தடவை காய்கறி வண்டிக்காரர் கூவினார். மூன்றாவது சுத்தமாக வந்த மாதிரி தோன்றியது, கேட்டுப் பார்க்காமலே அனுப்பிவிட்டேன். சாயங்காலம் பதில் வந்தது.

'சூப்பர் ஆன்ட்டி. பின்னாடி யாரோ மெதுவா பாடிட்டே இருக்காங்களே, அதையும் வச்சுக்கலாமா?'

வீட்டில் வேறு யாரும் இல்லை. பதிவைப் போட்டுக் கேட்டேன். என் குரல்தான். பாடினது எனக்கு நினைவே இல்லை.

வச்சுக்கோ என்று எழுதினேன்.