பன்னிரண்டு வோல்ட் பல்பு

ஆறுக்கு இரண்டு மடங்கு பன்னிரண்டு என்பதுதான் எனக்குத் தெரிந்த மின்சார சாஸ்திரம். என் பழைய காருக்கு ஆறு வோல்ட் பாட்டரி. வெளிச்சம் போதவில்லை என்று சாலைக் கடைத்தெருவில் பன்னிரண்டு வோல்ட் ஹெட்லைட் பல்பு கேட்டேன். கடைக்காரர் ஒல்லி, சிரிக்காத முகம். எந்தப் பல்பையும் காதருகே ஆட்டிப் பார்த்துத்தான் கொடுப்பார்.

"வேண்டாம் ஓய், மங்கலாத்தான் எரியும்."

"கணக்கு எனக்கும் தெரியும் அண்ணாச்சி," என்றேன்.

மறுநாள் அந்தியில், மலையோர ஊரான வித்துராவில் இருந்த அப்பாவுக்கு மூச்சு முட்டுவதாகச் சொல்ல ஆள் வந்தது. புதுப் பல்புகள் அகல்போல எரிந்ததால் மலைப்பாதையில் காரை மெல்ல உருட்டிக்கொண்டே போனேன். சேர்ந்தபோது அப்பா இல்லை.

பதினாறாம் நாள் காரியம் கழிந்து ஆறு வோல்ட் பல்பு வாங்கப் போனேன். எனக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை.

"அன்றைக்குக் கொஞ்சம் அதட்டிச் சொல்லியிருக்கலாமே, அண்ணாச்சி?"

அவர் முகத்தில் இரக்கமும் இல்லை, ஏளனமும் இல்லை.

"சொன்னா நீரு கேட்டிருப்பீராக்கும்!"