சாவு வீட்டில் கேட்ட கேள்வி

போலீஸ்காரராகச் சாவு வீட்டுக்குப் போவது ஒரு மாதிரி, கவுன்சிலராகப் போவது வேறு மாதிரி. முன்னதில் செத்தவரைப் பார்க்க வேண்டும், பின்னதில் இருப்பவர்களைப் பார்க்க வேண்டும். மாலையைப் போட்டுவிட்டு, பெண்களோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்து, ஃபிரீசர் பெட்டி வந்துவிட்டதா, சாமியானாவுக்குச் சொல்லியாயிற்றா என்று கேட்டு, தெருவைப் பெருக்க ஆள் அனுப்புவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட வேண்டும். இவ்வளவுதான் வேலை. சம்பூர்ணத்துக்கு இது நான்கு வருடமாகத் தெரியும். தெரிந்திருந்தும் அன்றைக்கு அவருடைய வாய் சும்மா இருக்கவில்லை.

செத்துப்போனது கிருஷ்ணவேணி. காஞ்சிபுரத்தில் விடிந்ததும் தறிக்குப் பாவு விரித்துக் கட்டுகிற தெருக்களில் ஒன்றில் அந்த வீடு. சர்க்கரை நோய் அந்த அம்மாளின் கால் விரல் இரண்டை ஏற்கெனவே வாங்கிக்கொண்டுபோயிருந்தது. ராத்திரி படுத்தவர் காலையில் எழுந்திருக்கவில்லை. மருத்துவம் பார்த்த டாக்டரே வந்து பார்த்துச் சான்றிதழ் கொடுத்துவிட்டார். யாருக்கும் எந்தச் சந்தேகமும் இல்லை. துக்கத்துக்காகத் தெருவில் தறி நின்றிருந்தது.

சம்பூர்ணம் மாலையைப் போட்டார். போட்ட கையோடு குனிந்து உதட்டைப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார். பழக்கம் செய்த வேலை அது, அவர் நினைத்துச் செய்ததல்ல. பிறகு நிமிர்ந்து, “மொதல்ல யாரு பாத்தது?” என்றார்.

“நான்தாம்மா,” என்றாள் மருமகள் நதியா.

“ராத்திரி என்ன சாப்ட்டாங்க?”

“ரெண்டு இட்லி. படுக்கறப்போ பால்.”

“பால் யாரு குடுத்தது?”

“நான்தான்.”

“டம்ளர் எங்க?”

“கழுவி வச்சிட்டேன்மா,” என்றாள் நதியா.

அழுகை நின்றது. பெண்கள் ஒப்பாரி வைக்கிற கூடத்தில் அழுகை சட்டென்று நின்றால் என்ன அர்த்தம் என்று முப்பத்தெட்டு வருடம் காக்கி போட்டவருக்குத் தெரியாதா? தெரிந்தது. அதற்குள் கிருஷ்ணவேணியின் மகள் தேவிப்ரியா தலையைத் திருப்பி அண்ணியைப் பார்த்தாயிற்று. சம்பூர்ணம் நாக்கைக் கடித்துக்கொண்டு எழுந்து வெளியே வந்தார்.

இந்தக் கேள்விகள்தான் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தவை. மகளிர் காவல் நிலையத்தில் அவர் கை ஓங்கி யாரும் பார்த்ததில்லை. எதிரே உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, இப்படிச் சின்னச் சின்னதாகக் கேட்பார். பெண்டாட்டியை அடித்துவிட்டு வந்தவனெல்லாம் டீ ஆறுவதற்குள் உண்மையைக் கக்கிவிடுவான். கான்ஸ்டபிளாகச் சேர்ந்து சிறப்பு உதவி ஆய்வாளராக ஓய்வு பெற்றவரை ஊர் ‘இன்ஸ்பெக்டரம்மா’ என்றே கூப்பிட்டது. அந்தப் பேருக்காகத்தான் கட்சி தேடி வந்து சீட்டுக் கொடுத்தது.

கொடுக்கும்போது வட்டச் செயலாளர் சீனிவாசன் ஒன்றே ஒன்று சொன்னார். “அந்த சிலோன் கதையெல்லாம் மேடையில வேணாம்மா. செய்யாறு பக்கம்னு சொல்லிக்கலாம். நம்ம ஜனங்க எப்டி எடுத்துக்கும்னு சொல்ல முடியாது.”

சம்பூர்ணம் சரி என்றார். அதில் பொய்யும் இல்லை. பாட்டனுக்குப் பாட்டன் செய்யாற்றுப் பக்கத்திலிருந்து தேயிலைக்குக் கப்பலேறியவர்தான். இலங்கை மலைநாட்டில், அட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், சம்பூர்ணம் பிறந்தார். அங்கே இவர்களை இந்தியாக்காரர்கள் என்றார்கள். பதினாலு வயதில், போ என்று அனுப்பிய அரசுக்கும் வா என்று எழுதிக்கொடுத்த அரசுக்கும் நடுவே, தலைமன்னாரிலிருந்து ராமேசுவரத்துக்குக் கப்பல். மண்டபம் முகாம். அப்புறம் வாலாஜாபாத்தில் ஒரு ரைஸ் மில்லில் அப்பா குப்புசாமிக்கு வாட்ச்மேன் வேலை. இங்கே இவர்களைச் சிலோன்காரர்கள் என்றார்கள். வாயைத் திறந்தால் பள்ளிக்கூடத்துப் பெண்கள் சிரித்தார்கள். சம்பூர்ணம் வைராக்கியமாக ‘வந்துக்கினு’, ‘போய்க்கினு’ என்று பேசக் கற்றார். போலீஸ் பயிற்சி முடிந்து வெளியே வந்தபோது, அவர் பிறந்த ஊர் எது என்று யாரும் கண்டுபிடிக்க முடியாதபடி நாக்கு மாறியிருந்தது.

கிருஷ்ணவேணியை அன்று சாயங்காலமே எரித்தார்கள். சாம்பலைக் கரைத்து வந்த நாளிலிருந்து பேச்சு கிளம்பியது. நதியா வேறு சாதிப் பெண், பிறந்த வீடு பக்கத்து ஓரிக்கையில். கிருஷ்ணவேணியின் மகன் பிரேம்நாத் வேலை பார்க்கும் பட்டுக்கடையில் பில் போட வந்தவள். இருவரும் ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்டார்கள். கிருஷ்ணவேணி இரண்டு வருடம் முறைத்துக்கொண்டிருந்துவிட்டு, கால் விரல் போன பிறகு மருமகள் கையால்தான் சாப்பாடு என்று ஆகிவிட்டார். அந்தச் சமாதானத்தை அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் பழைய முறைப்புதான் இப்போது எல்லாருக்கும் ஞாபகம் வந்தது. ‘போலீஸம்மாவே டம்ளர கேட்டாங்களாமே’ என்றார்கள் குழாயடியில். ‘அதுக்குள்ள கழுவிட்டாளாமே’ என்றார்கள் ஷேர் ஆட்டோவில்.

காரியம் முடிகிறவரை இருக்க வந்த தேவிப்ரியா சமையற்கட்டைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டாள். கிருஷ்ணவேணி படுத்திருந்த இடத்தில் ஏற்றிவைத்திருந்த விளக்குக்கு எண்ணெய் ஊற்றப் போன நதியாவிடம், “நான் பாத்துக்கறேன், நீ போய்ப் படு,” என்றாள். பிரேம்நாத் நல்லவன். ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை. காலைக் காபியை மட்டும் முனைக் கடையில் குடிக்க ஆரம்பித்தான். நதியாவைக் கொன்றது அதுதான்.

அவள் சம்பூர்ணத்தின் வீட்டுக்கு வந்தாள். வீட்டுக்காரர் போன பிறகு சம்பூர்ணம் தனியாகத்தான் இருக்கிறார். வந்தவள் உட்காரவில்லை.

“மேடம், என்ன ஸ்டேஷனுக்குக் கூட்டினு போங்க.”

“எதுக்குமா?”

“முறையா கேக்கட்டும். கேட்டுட்டு, இவ மேல ஒண்ணும் இல்லன்னு சொல்லி அனுப்பட்டும். வீட்ல யாருமே ஒண்ணும் கேக்க மாட்றாங்க மேடம். கேட்டாத்தானே நான் பதில் சொல்ல முடியும்? காரியம் முடிஞ்சதும் கொஞ்ச நாளைக்கு ஓரிக்கைல போய் இருன்னு சொல்லிட்டாங்க. கொஞ்ச நாள்னா என்னன்னு எனக்குத் தெரியாதா?”

ஸ்டேஷனுக்குப் போனால் என்ன ஆகும் என்று இந்த ஊரில் சம்பூர்ணத்தைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை.

தொண்ணூற்றொன்றாம் வருடம் மே மாதம், பக்கத்தில் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்த அடுத்த வாரம், வரதராஜப் பெருமாள் கருட சேவைக்குச் சம்பூர்ணம் பந்தோபஸ்தில் நின்றிருந்தார். தள்ளுமுள்ளில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவரிடம் கூட வேலை பார்க்கும் பெண் ஒருத்தி வந்து காதில் சொன்னாள்: அப்பாவை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். சிலோனிலிருந்து வந்தவர்களையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த நேரம். குப்புசாமியையும் கேட்டார்கள். மரியாதையாகத்தான் கேட்டார்கள், சாயங்காலமே திருப்பிக் கொண்டுவந்து விட்டார்கள். அவர் மேல் ஒன்றும் இல்லை என்று மில் முதலாளியிடமும் சொல்லிவிட்டுத்தான் போனார்கள். முதலாளி வேலையை விட்டு நிறுத்தவில்லை. மில் கேட் சாவியை மட்டும் வேறு ஆளிடம் கொடுத்தார். சாவி இல்லாத வாட்ச்மேனாக எட்டு வருடம் அந்த வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்துவிட்டு குப்புசாமி செத்துப்போனார். அந்த எட்டு வருடத்தில் சம்பூர்ணம் அப்பாவைப் பற்றி வெளியே யாரிடமும் பேசியதில்லை.

நதியாவிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. “நான் போய்ப் பேசறேன்,” என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

போய்ப் பேசவும் செய்தார். “பழக்க தோஷம்மா. எந்த எழவு வீட்டுக்குப் போனாலும் வாய் அதுவா கேட்டுடுது. உங்கம்மா இயற்கையாத்தான் போனாங்க. எனக்கு அதுல ஒரு சந்தேகமும் கெடையாது,” என்றார் தேவிப்ரியாவிடம்.

தேவிப்ரியா மரியாதையாகத்தான் பதில் சொன்னாள். “இத்தினி வருசம் போலீசா இருந்தவங்க சும்மா கேப்பீங்களாமா? அவ உங்க வீட்டுக்கு வந்துட்டுப் போனது தெருவுக்கே தெரியும். அழுதிருப்பா. உங்களுக்கு மனசு எளகிடுச்சி. நான் உங்கள ஒண்ணும் சொல்லல.”

அன்று மாலைக்குள் பேச்சு இன்னும் தடித்தது. கவுன்சிலர் மூடி மறைக்கப் பார்க்கிறார் என்று ஆயிற்று. சீனிவாசன் ஃபோன் செய்தார். “ஒதுங்கிக்குங்கமா. தேர்தல் வந்துக்கினு இருக்குது. இது அவங்க வீட்டு சமாச்சாரம்.”

அவங்க வீட்டு சமாச்சாரமா? கேள்வி யாருடையது? சம்பூர்ணத்துக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. இல்லை என்று சொல்லி ஒரு பேச்சை அழிக்க முடியாது என்பது ஒரு போலீஸ்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கூட்டத்தை எத்தனை திருவிழாவில் பார்த்திருக்கிறார். ஒரு பக்கம் முண்டுகிற ஜனத்தைப் போகாதே என்றால் கேட்காது. இன்னொரு பக்கம் பார்க்க ஏதாவது இருந்தால் தானாகத் திரும்பும்.

காரியத்தன்று தெரு அடைத்துச் சாமியானா போட்டிருந்தது. படையல் முடிந்து பந்திக்கு இலை போடுகிற நேரம். கவுன்சிலர் வந்தால் இரண்டு வார்த்தை சொல்வது வழக்கம், சொல்லச் சொன்னார்கள். சீனிவாசன் முன்வரிசையில் இருந்தார். நதியா சமையல் பந்தலின் ஓரத்தில், யாரும் வேலை சொல்லாததால், கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

சம்பூர்ணம் எழுந்தார். கிருஷ்ணவேணியைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொன்னார். பிறகு, “நான் செய்யாறு பக்கம்னு உங்களுக்குத் தெரியும்,” என்றார். “அது எங்க பாட்டனோட பாட்டன். நான் பொறந்தது சிலோன்ல. கப்பலேறி முகாமுக்கு வந்தவங்க நாங்க. ஸ்ரீபெரும்புதூர்ல குண்டு வெடிச்சப்ப எங்கப்பாவ ஜீப்புல ஏத்திக்கினு போயி விசாரிச்சாங்க. நான் அப்ப இதே ஊர்ல யூனிஃபார்ம் போட்டுக்கினு டியூட்டில இருந்தேன். ஓட்டு கேட்டு வந்தப்ப இத உங்ககிட்ட நான் சொல்லல.”

சீனிவாசன் இரண்டு கைகளாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“எங்கப்பா மேல ஒண்ணும் இல்லன்னு அன்னிக்கே விட்டுட்டாங்க. ஆனா கேட்டது கேட்டதுதான். சாவுற வரைக்கும் அவர ஒருத்தரும் முழுசா நம்பல. அது தெரிஞ்ச நானே இந்தப் பொண்ண கூட்டத்துல வச்சி அப்டிக் கேட்டுட்டேன். தப்பு என்னுது.”

உட்கார்ந்துவிட்டார். இதைத் துணிச்சல் என்று சொல்லலாம், கணக்குப் போட்டுச் செய்தது என்றும் சொல்லலாம். இரண்டும்தான். கடைசியில் சொன்ன மன்னிப்பை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். முதலில் சொன்னதுதான் இலைக்கு இலை போகும்.

போயிற்று. பந்தி உட்கார்ந்ததும் ஒவ்வொரு வரிசையிலும் தலைகள் சாய்ந்து சாய்ந்து பேசின. சிலோன், குண்டு, ஜீப்பு. அந்த வருடம் ஊரில் யார் யாரைப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று வயதானவர்கள் ஞாபகப்படுத்திக்கொண்டார்கள். “பிடிச்சாங்கன்னா சும்மாவா பிடிச்சிருப்பாங்க?” என்று தேவிப்ரியா பக்கத்து இலைக்காரியிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். பரிமாற ஆள் போதவில்லை. நதியா சாம்பார் வாளியை எடுத்தாள். அவள் ஊற்றியதைப் பேச்சு மும்முரத்தில் எல்லாரும் பிசைந்து சாப்பிட்டார்கள். தேவிப்ரியாவும் இரண்டாம் முறை கையைக் காட்டி வாங்கிக்கொண்டாள். பிரேம்நாத் மட்டும் நிமிர்ந்து யார் ஊற்றுவது என்று பார்த்தான், பார்த்துவிட்டுக் குனிந்து சாப்பிட்டான். வாசலருகே நின்று சம்பூர்ணம் அதைப் பார்த்தார். சாப்பிடாமலே வீட்டுக்குப் போனார்.

ஓரிக்கைக்குப் போகும் பேச்சு அப்படியே அமுங்கிவிட்டது. தேவிப்ரியா வாலாஜாபாத்துக்கு, புருஷன் வீட்டுக்குத் திரும்பினாள். பிரேம்நாத் வீட்டில் காபி குடித்தான். குழாயடியிலும் ஷேர் ஆட்டோவிலும் இப்போது குப்புசாமியைப் பற்றித்தான் பேச்சு. செத்து இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆன வாட்ச்மேனுக்கு ஊரில் இத்தனை கிளைக்கதை உண்டாகும் என்று யாரும் நினைத்திருக்க முடியாது. மில்லில் என்னவோ பதுக்கி வைத்திருந்ததாகக்கூட ஒருவர் சொன்னார். சீனிவாசன் நேரில் வந்து, அடுத்த முறை பிரியதர்ஷினி என்ற பெண்ணை நிறுத்தலாம் என்று மேலே நினைப்பதாகத் தரையைப் பார்த்தபடி சொன்னார். சம்பூர்ணம் அவருக்கு டீ போட்டுக் கொடுத்து அனுப்பினார். வருத்தம் இல்லாமல் இல்லை. நான்கு வருடம் தெரு விளக்கும் சாக்கடையுமாக அலைந்ததில் அவருக்கு இந்த வேலை பிடித்துப்போயிருந்தது.

சில நாள் கழித்து நதியா வந்தாள். தூக்கில் கறிக்குழம்பு. இந்த முறை உட்கார்ந்தாள். சம்பூர்ணம் அவள் எதிரிலேயே சோற்றைப் போட்டு, அந்தக் குழம்பை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டார். நதியாவின் முகம் மலர்ந்தது. பிரேம்நாத்தைப் பற்றி, கடையைப் பற்றி, மறுபடி வேலைக்குப் போகலாமா என்பதைப் பற்றிப் பேசினாள். போகும்போது தூக்கைக் கையில் எடுத்துக்கொண்டு வாசல் வரை போனவள் நின்றாள்.

“மேடம், ஒண்ணு கேக்கட்டுமா? தப்பா எடுத்துக்காதீங்க.”

“கேளு.”

“உங்கப்பா நெஜமாவே ஒண்ணும் பண்ணலையா?”

சம்பூர்ணம் சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். “இல்லம்மா. ஒண்ணும் பண்ணல,” என்றார்.

“அதானே, நானும் அதான் நெனச்சேன்,” என்று நதியா தலையாட்டினாள். அந்தத் தலையாட்டல் சம்பூர்ணத்துக்குத் தெரியும். முப்பத்தெட்டு வருடமாக, தான் நம்பாதவர்களிடமெல்லாம் அவரும் அப்படித்தான் தலையாட்டியிருக்கிறார்.