பதினேழு சார்

நெற்குவியலின் நடு வயிற்றில் கையை விட்டு ஒரு பிடி அள்ளி, அதில் ஒரு நெல்லைக் கடைவாயில் வைத்துக் கடித்துவிட்டு, "பத்தொம்பது" என்கிறார் வேம்பு. பிறகுதான் ஈரப்பதம் பார்க்கும் கருவியில் போடுகிறார். அது 19.1 என்று காட்டுகிறது. பதினேழுக்கு மேல் ஈரம் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் நெல்லை எடுக்க மாட்டார்கள். நெல்லைக் கொண்டுவந்த சாமிதுரை தலைத்துண்டை அவிழ்த்து உதறுகிறார். "மேடம், மூணு நாளா களத்துல கெடக்கு. இன்னும் எவ்வளவுதான் காய வைக்கிறது?"

"ஈரம் இருக்குங்க. நான் என்ன பண்ணட்டும்? இன்னொரு வெயில் காட்டிக் கொண்டாங்க" என்று சொல்லிக்கொண்டே வேம்பு மறு கையால் கைப்பேசியை எடுக்கிறார். கோயம்புத்தூரில் இருக்கும் முகம் தெரியாத ஒருவருக்கு ஒற்றை விரலால் பதில் அடிக்கிறார்: "ஐயா, தங்கள் மாமனார் சொன்னது சான்று ஆகாது. அச்சில் வந்தது ஏதேனும் இருந்தால் தாருங்கள்."

வேம்புவுக்கு நாற்பத்தாறு வயது. திருப்பனந்தாள் பக்கம் ஆதனூர்க்கட்டளை. அறுவடைக் காலத்தில் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தர். மற்ற மாதங்களில், சொந்தமாக இருக்கும் ஒன்றரை மா நிலத்தில், அதாவது அரை ஏக்கரில், விவசாயம். கொண்டையில் எப்போதும் ஒரு நீல மார்க்கர் செருகியிருக்கும். சாக்குக்கு எண் போடுவதற்காக வைத்திருப்பது. விசேஷ வீடுகளுக்கும் பூவோடு சேர்த்து அதையும் செருகிக்கொண்டு போய்விடுவதாக அவர் தெருவில் கேலி செய்கிறார்கள். லாரி வரக் காத்திருக்கும் நேரமெல்லாம் அவர் இருப்பது வேறோர் இடத்தில். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று இணையத்தில் ஒரு கலைக்களஞ்சியம் இருக்கிறதல்லவா, அதன் உதவிப் பக்கத்தில். எட்டு வருஷமாக அங்கே வருகிறவர்களின் சந்தேகங்களுக்குப் பதில் சொல்லி வருகிறார். சம்பளம் கிடையாது. பயணப்படி, பொன்னாடை, புத்தாண்டு டைரி எதுவும் கிடையாது.

அங்கே அவர் வைத்துக்கொண்ட பெயர் 'பதினேழு'. ஆணா பெண்ணா என்று யாரும் கேட்டதில்லை. அவர்களாகவே 'பதினேழு சார்' என்று முடிவு செய்துவிட்டார்கள். "அப்படியே இருக்கட்டும் சார்" என்று என்னிடம் சிரித்தார். "சார்னு நெனச்சுக்கிட்டுத் திட்டுறப்போ கொஞ்சம் மரியாதையாத் திட்டுறாங்க."

திட்டத்தான் செய்கிறார்கள். ஒருவர் தம் அறுபதாம் கல்யாணப் பத்திரிகையைப் படம் பிடித்துப் போட்டு, தான் பிரமுகர் என்பதற்கு இது போதாதா என்று கேட்கிறார். போதாது என்றதும், 'நீ எந்த யுனிவர்சிட்டி?' என்கிறார். இன்னொருவர் தங்கள் குலதெய்வமே உலகின் முதல் தெய்வம் என்று எழுதிவிட்டு, சான்று என்ற இடத்தில் 'அனைவருக்கும் தெரியும்' என்று போட்டிருக்கிறார். அதை நீக்கியதற்கு, 'எவ்வளவு வாங்கினாய்?' என்று கேள்வி. எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இலவசமாக வந்து வாசலில் கோலம் போட்டுக் கொடுத்தாலும் புள்ளி கோணல் என்று சண்டைக்கு நிற்கிற கூட்டம் இது. காசு வாங்கிக்கொண்டு ஏமாற்றுகிறவனிடம் கைகட்டி நிற்பார்கள். சும்மா உதவுகிறவரைக் கண்டால்தான் இவர்களுக்கு வீரம் வரும்.

வேம்பு கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. கல்லூரி மாணவி ஒருத்தி படம் சேர்ப்பது எப்படி என்று நான்காம் முறையாகக் கேட்டபோது, நான்காம் முறையாகவும் முதல் படியிலிருந்தே சொல்லிக் கொடுத்தார். "கேக்குறாங்கல்ல, அதுவே பெருசு சார். கேக்காம எழுதுறவங்கதான் ஆபத்து."

அப்படிக் கேட்காமல் எழுதியவர்களில் நானும் ஒருவன். கும்பகோணத்தில் உட்கார்ந்துகொண்டு ஒரு மாத இதழுக்கு ஊர்க் கட்டுரைகள் எழுதுவது என் பிழைப்பு. நாலு வருஷத்துக்கு முன் தஞ்சைச் சீமையின் குளங்களைப் பற்றி இரண்டு பக்கம், வண்ணப் படங்களோடு எழுதினேன். அதில் ஒரு வரி: 'ஆதனூர்க்கட்டளையின் தெற்குக் குளம், அவ்வூர்ப் பெரிய பண்ணையார் தம் பண்ணையாட்களின் தாகம் தீர்க்க வெட்டிக் கொடுத்தது.' போன கார்த்திகையில், என் வேறொரு கட்டுரையை அந்தக் கலைக்களஞ்சியத்தில் சான்றாகச் சேர்த்துவிட்டுப் பெருமையாக உட்கார்ந்திருந்தேன். சொந்தக் கட்டுரையைச் சொந்தக் கையால் சேர்க்கக்கூடாது என்று நீக்கியது பதினேழு. கூடவே ஒரு கேள்வி: "தங்கள் குளக் கட்டுரையில் ஆதனூர்க்கட்டளை பற்றிய வரிக்கு எதைப் பார்த்து எழுதினீர்கள்?"

சற்று எரிச்சலோடுதான் பதில் போட்டேன். "உங்கள் கலைக்களஞ்சியத்தில்தான் பார்த்தேன்."

இரண்டு நாள் பதிலே இல்லை. மூன்றாம் நாள், "நேரில் வர முடியுங்களா?" என்று ஒரு செல்பேசி எண் வந்தது. நரைத்த தலையோடு ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியரை எதிர்பார்த்துப் போனவன், நெற்குவியலுக்கு நடுவே வேம்புவைப் பார்த்தேன்.

அவர் காட்டிய பிறகுதான் நான் செய்த காரியம் எனக்கே விளங்கியது. ஏழு வருஷத்துக்கு முன் பெயரில்லாத யாரோ ஒருவர் எந்த ஆதாரமும் இல்லாமல் அந்த வரியைக் கலைக்களஞ்சியத்தில் சேர்த்திருக்கிறார். யாரோ அதன் பக்கத்தில் 'சான்று தேவை' என்று குறிப்பு வைத்திருக்கிறார்கள். நான் அந்தக் குறிப்பை விட்டுவிட்டு வரியை மட்டும் எடுத்து என் இதழில் போட்டேன். அதற்கப்புறம் வேறு யாரோ என் கட்டுரையையே அந்த வரிக்குச் சான்றாக வைத்து, குறிப்பை எடுத்துவிட்டார். பொய் என் வழியாகப் போய்க் குளித்து முழுகி, விபூதி பூசிக்கொண்டு திரும்பி வந்துவிட்டது. அதன் காலடியில் இப்போது என் பெயர்.

நான் ஏன் அதைச் சந்தேகப்படவில்லை? எங்கள் வீட்டிலும் ஒரு காலத்தில் நிலம் இருந்தது. 'நாங்கள் கொடுத்தோம், நாங்கள் வெட்டினோம்' என்ற பேச்சைக் கேட்டு வளர்ந்த காது இது. அந்த வரி பழகிய பாட்டைப் போல உள்ளே போய்விட்டது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சொல்லாமல் இருப்பது அதைவிட வெட்கம்.

அந்தக் குளத்தை வெட்டியது தெற்குத் தெரு. ஊர்க் குளத்தில் குடம் முக்க அவர்களை விடவில்லை. அதனால் வயல் வேலை முடிந்து வந்து, ஒரு கோடை முழுக்க, புறம்போக்கில் அவர்களே வெட்டிக்கொண்டார்கள். வெட்டியவர்களில் இன்று உயிரோடு இருப்பவர் ஒருவர்தான். பெயர் தங்கையன், வேம்புவின் அப்பா. எண்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். "பண்ணை ஒரு கூடை மண்ணு எடுத்ததில்ல" என்றார் என்னிடம். "வெட்டக் கூடாதுன்னு ஆள் விட்டு மண்வெட்டியைத்தான் எடுத்துக்கிட்டுப் போனாங்க. ஏழு மண்வெட்டி. இன்னும் திருப்பித் தரல." ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். இங்கே நெய்யை அள்ளிக்கொண்டதோடு, சட்டியையும் தாங்கள்தான் செய்தோம் என்று எழுதிக்கொண்டார்கள்.

"அப்படியானால் அந்த வரியை முதல் நாளே தூக்கியிருக்கலாமே வேம்பு?" என்றேன்.

"நான்தான் சார் தப்புப் பண்ணேன்" என்றார். அன்று 'சான்று தேவை' என்று குறிப்பு வைத்தது அவரேதான். சொந்த விஷயத்தில் கை வைக்கக்கூடாது என்பது அங்கே ஒரு நெறி. "எங்க ஊரு, எங்க தெரு, எங்கப்பா. நான் நீக்குனா, சொந்தத்துக்காக நீக்குனேன்னு ஆயிடும்னு தோணுச்சு. குறிப்பு மட்டும் வச்சுட்டு, வேற யாராச்சும் பாப்பாங்கன்னு விட்டுட்டேன். சான்றே இல்லாத வரியை எடுக்க எனக்கு யாரோட அனுமதியும் வேண்டியதில்ல. மத்தவங்களுக்கு அதைத்தானே தெனம் சொல்றேன்!"

பண்ணையார் வீட்டுப் பேரனுக்கு இந்தக் கூச்சம் இருந்திருக்குமா? இருக்காது. கூச்சமெல்லாம் மண் சுமந்தவன் மகள் தலையில்தான் வந்து விடியும்.

இதெல்லாம் அப்போது அவசரமானதற்குக் காரணம் உண்டு. தெற்குக் குளத்தைத் தூர்வாரிக் கரை கட்டி, பங்குனியில் திறப்பதாக இருந்தார்கள். கரையில் ஒரு பளிங்குக் கல்வெட்டு. அதில் பொறிக்க ஊராட்சியில் எடுத்து வைத்திருந்த வாசகம், கலைக்களஞ்சியத்தின் அந்த வரி, எழுத்துக்கு எழுத்து. திரையில் இருப்பதை என்றைக்கும் மாற்றலாம். கல்லில் ஏறிவிட்டால் தங்கையனின் பேரப்பிள்ளைகள், தங்கள் பாட்டன் வெட்டிய குளத்தில் நின்றுகொண்டு பண்ணையாரைக் கும்பிட வேண்டும்.

"அப்பா சொல்வதையே போட்டுவிட்டால் என்ன?" என்று கேட்டேன். பெரியவர் சொன்னார்: "இவ மாட்டேங்குறா தம்பி. நான் வாயால சொல்றது செல்லாதாம். வெட்டுனவன் நான். நான் சொன்னாச் செல்லாதுன்னா எவன் சொன்னாச் செல்லும்?"

"அச்சுல வந்தாச் செல்லும்பா."

"அச்சடிச்சவனா வெட்டுனான்?"

அச்சடித்தவன் நான்தான். அவர் என்னைச் சொல்லவில்லை. ஆனாலும் தலையைக் குனிந்துகொண்டேன்.

இதழில் திருத்தம் போடுகிறேன் என்றேன். "போடுங்க. ஆனா எங்கப்பாவைக் கேட்டுப் போடாதீங்க, நீங்களாத் தேடிப் போடுங்க" என்றார் வேம்பு. தேடினேன். வருவாய்த்துறையின் பழைய பசலிப் பதிவேடுகளைப் புரட்டிப் பார்க்க மூன்று வாரம் அலைந்தேன். சர்வே எண் இருந்தது. 'குளம், புறம்போக்கு' என்று இருந்தது. பண்ணையார் கொடுத்ததாக எங்கும் இல்லை. வெட்டியவர்கள் பெயரும் இல்லை. யார் தீர்வை கட்டினார் என்று எழுத அந்தப் பதிவேட்டில் கட்டம் உண்டு. யார் மண் சுமந்தார் என்று எழுத ஒரு கட்டம்கூடக் கிடையாது. சான்று கொண்டு வா, சான்று கொண்டு வா என்கிறோமே, அதை எழுதும் பேனா அன்றைக்கு யார் கையில் இருந்தது?

என்னால் நேர்மையாக எழுத முடிந்தது ஒன்றுதான்: 'நான் எழுதிய அந்த வரிக்கு ஆதாரம் இல்லை. விசாரிக்காமல் எழுதினேன்.' பொய்க்கு இரண்டு வண்ணப் பக்கம் கொடுத்த என் இதழ், திருத்தத்துக்கு மூன்று வரி கொடுத்தது. குத்துவிளக்கு விளம்பரத்துக்குக் கீழே, பொடி எழுத்தில்.

அது போதும் என்றார் வேம்பு. ஆனால் அப்போதும் அவர் கை வைக்கவில்லை. எட்டு வருஷத்தில் முதல் தடவையாக, அந்த உதவிப் பக்கத்தில் அவரே ஒரு கேள்வி கேட்டார். "வணக்கம். எனக்கு இந்த ஊரில் சொந்தம் உண்டு. இந்த வரிக்கு இருந்த ஒரே சான்றை, எழுதியவரே திரும்பப் பெற்றுவிட்டார். வேறு யாராவது பார்த்து முடிவு செய்ய முடியுமா?" அதிராம்பட்டினத்திலிருந்து அங்கே பதில் சொல்லும் ரிஃப்கா என்ற பள்ளி ஆசிரியை, அரைமணி நேரத்தில் எல்லாவற்றையும் சரிபார்த்து வரியை நீக்கினார். "முடித்துவிட்டேன் பதினேழு சார். உங்களுக்கும் ஒரு சந்தேகம் வருமா!" என்று எழுதியிருந்தார். அவர்கள் இருவரும் இன்று வரை நேரில் பார்த்துக்கொண்டதில்லை.

அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு ஊராட்சித் தலைவரிடம் போனோம். அவர் கெட்டவர் இல்லை. நாற்காலி போட்டு, டீ வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "கல்லு வந்து எறங்கிடுச்சு சார். நெட்டுலயே போட்டிருந்துச்சே, அதைப் பார்த்துத்தானே குடுத்தோம். இப்ப நீங்களே போட்டு நீங்களே எடுத்துட்டு வந்தா நாங்க என்னங்க பண்றது? எடுத்துட்டு, தெற்குத் தெருக்காரங்கதான் வெட்டுனாங்கன்னு போடச் சொல்றீங்களா? அதுக்கு என்ன சான்று இருக்கு?"

அது வேம்புவின் கேள்வியேதான். எட்டு வருஷமாக அவர் ஊருக்கெல்லாம் கேட்ட கேள்வி, அவர் முகத்துக்கு நேரே திரும்பி வந்து உட்கார்ந்திருந்தது. வெளியே வந்ததும் நான் கொதித்தேன். இந்தக் கதையை முழுசாக எழுதி அச்சில் போட்டுவிடுகிறேன், அதையே சான்றாக வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

"எழுதுங்க சார். ஆனா அதைச் சான்றா வைக்க மாட்டேன்" என்றார். "நான் சொல்லி, எங்கப்பா சொல்லித்தானே எழுதுறீங்க? என் வாயி, உங்க கையி. அது இன்னும் ஈரந்தான்."

பங்குனியில் குளத்தைத் திறந்தார்கள். மறுநாள் காலை வேம்பு வேலைக்குப் போகும் வழியில் கரையில் நின்றார். நானும் தங்கையனும் கூட இருந்தோம். வெள்ளைப் பளிங்கு, கறுப்பு எழுத்து. 'பெரிய பண்ணையார் தம் பண்ணையாட்களின் தாகம் தீர்க்க' என்று தொடங்கியது. பெரியவருக்குப் படிக்கத் தெரியாது. "என்ன போட்டிருக்கு?" என்றார். வேம்பு ஒரு சொல் விடாமல் படித்துக் காட்டினார். பெரியவர் குளத்தைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

வேம்பு கொண்டையிலிருந்து நீல மார்க்கரை உருவினார். மூடியைப் பல்லால் கடித்து இழுத்தார். பண்ணையார் வரிக்குப் பக்கத்தில், சாக்கில் எண் போடுவது போலப் பெரிதாக, 'சான்று தேவை' என்று எழுதினார்.

அந்த உதவிப் பக்கத்தில் எது சொன்னாலும் கீழே கையொப்பம் இட வேண்டும் என்பது வழக்கம். மார்க்கர் கல்லின் மேல் ஒரு கணம் நின்றது. 'பதினேழு' என்று அவர் எழுதவில்லை. 'வேம்பு, த/பெ தங்கையன், தெற்குத் தெரு' என்று எழுதித் தேதியும் போட்டார்.