ஹார்ஸ் மலைச் சூனியக்காரிகளோடு ஒரு நீண்ட பகல்

ஜூன் 21, சனிக்கிழமை. காலை எட்டு மணிக்கு ஹனோவர் பிரதான புகையிரத நிலையத்தில் கொஸ்லார் போகும் வண்டி புறப்படத் தயாராக நின்றது. மதியக்கா கடைசி நிமிடத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து ஏறினார். இருக்கையில் அமர்ந்ததும் கைப்பையைத் திறந்து காட்டினார்.

"தேசிக்காய் மூண்டு, திருநீறு, அம்மன் கோயில் நூல், எல்லாம் கொண்டந்திருக்கிறன். இந்தா, நீயும் ஒரு நூலைக் கட்டு."

"அக்கா, நாங்கள் ஒரு கொண்டாட்டத்துக்குப் போறம். சண்டைக்கு இல்லை."

"போறது சூனியக்காரியள்ட வீட்டை. கட்டு எண்டாக் கட்டன்."

கட்டினேன். மதியக்காவோடு வாதாடி வென்றவர் எவரையும் எனக்குத் தெரியாது.

நான் ஹனோவரில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்கிறேன். அங்கே மேல்மாடியில் தாதியாக இருப்பவர் ஹைகே. ஓய்வு நேரத்தில் காலுறை பின்னுவார், நத்தாருக்கு எல்லோருக்கும் பழப்பாகு தருவார். அவர் தன்னை 'ஹெக்ஸெ' என்று சொல்லிக்கொள்வார். தமிழில் சூனியக்காரி என்றுதான் பெயர்க்கவேண்டும், வேறு சொல் என்னிடம் இல்லை. கிறிஸ்தவத்துக்கு முந்திய தெய்வங்களையும் பருவங்களையும் வணங்குகிற இவர்களைப் போன்றவர்கள் ஜேர்மனியில் பல ஊர்களில் சிறு சிறு வட்டங்களாக இருக்கிறார்கள். வருடத்தில் மிக நீண்ட பகல் இவர்களுக்குப் பெருநாள். நானும் வந்து பார்த்து எழுதலாமா என்று கேட்டேன். ஊரின் பெயரை எழுதக்கூடாது, படம் எடுக்கக்கூடாது என்ற இரண்டு நிபந்தனைகளோடு சம்மதித்தார். தனியே போக மனமில்லாமல் பக்கத்து வீட்டு மதியக்காவையும் கூப்பிட்டேன். அவர் உடனே ஓம் என்றதும் நான் யோசித்திருக்க வேண்டும்.

காரணம் ஹில்டெஸ்ஹைம் தாண்டியபின்தான் வெளியே வந்தது. கைப்பையின் உள்ளறையிலிருந்து ஒரு பழைய வண்ணப்படத்தை எடுத்து என் மடியில் வைத்தார். அவருடைய மகள் தாரணிக்குச் சாமத்தியச் சடங்கு செய்தபோது எடுத்த படம். பதின்மூன்று வயதுத் தாரணி சேலையும் பூவுமாக நிற்கிறாள். பக்கத்தில் மாமி ராஜினி, அதாவது மதியக்காவின் கணவருடைய தங்கை.

"உவள்தான் செய்தவள்" என்றார் மதியக்கா. "தாரணியின்ர கலியாண வீட்டிலை எல்லாருக்கும் முன்னாலை நிண்டு, முகூர்த்தம் சரியில்லையெண்டு வாய் வைச்சவள். பிறகு பார், ரெண்டு தரம் வயித்திலை தங்கேல்லை. இப்ப மூண்டாவது. ஐஞ்சு மாசம். உவளுக்குத் தெரியாமல் பொத்திப் பொத்தி வைச்சிருக்கிறம். உன்ர சிநேகிதியிட்டைச் சொல்லி, செய்வினையைச் செய்தவளுக்கே திருப்பி விடவேணும்."

எனக்குக் கோபம் வந்தது. ராஜினியை எனக்கும் தெரியும். வாய் கொஞ்சம் நீளம்தான், ஆனால் கையால் ஓர் எறும்பையும் கொல்லாத மனுசி. நான்கு வருடமாக இரு வீட்டுக்கும் பேச்சில்லை என்பது ஹனோவரில் எல்லாத் தமிழருக்கும் தெரியும். ஆனாலும் மதியக்காவின் முகத்தைப் பார்த்தபோது திட்ட வாய் வரவில்லை. பயந்துபோய் இருந்தார்.

ஒன்பதேகாலுக்குச் சற்று முன்னர் கொஸ்லார். பழைய மரவீடுகள் நிறைந்த அழகான நகரம், வெள்ளிச் சுரங்கத்தால் ஒரு காலத்தில் செழித்தது. இன்றைக்கு அதன் கடைத்தெருக்களை, இந்த மலையில் கூடுவதாகப் பழங்கதை சொல்லும் சூனியக்காரிகள்தான் காப்பாற்றுகிறார்கள். வளைந்த மூக்கும் விளக்குமாறுமாகக் கடைக் கடையாகப் பொம்மைகள் தொங்குகின்றன. உள்ளங்கையளவு பொம்மை பதினான்கு யூரோ தொண்ணூறு சதம். மதியக்கா தெருவின் நடுவால் நடந்தார், ஒரு பொம்மையின் நிழலும் மேலே படாதபடிக்கு.

அங்கிருந்து பேருந்தில் ஏறத்தாழ பதினைந்து கிலோமீற்றர் மலையேற்றம். ஹார்ஸ் மலை என்றால் கரும்பச்சைக் காடு என்று நினைத்திருந்தேன். வளைவுக்கு வளைவு மலைச்சரிவு முழுவதும் சாம்பல் நிறத்தில் பட்டுப்போன ஊசியிலை மரங்கள் நின்றன. பல இடங்களில் வெறும் அடிக்கட்டைகள்.

"பாத்தியே, உதுகள் செய்த வேலை" என்று மதியக்கா காதுக்குள் சொன்னார்.

"அது பட்டை வண்டு அக்கா. மழையில்லாமல் மரம் சோர்ந்துபோக, வண்டு பூந்திட்டுது."

"வண்டை ஆர் அனுப்பினது?"

பதினொரு மணியளவில் ஹைகேயின் வீட்டை அடைந்தோம். சாய்ந்த தோட்டம், நான்கு கோழிகள், நடுவில் நெருப்பு மூட்டுவதற்கு நாலடி அகலத்தில் ஓர் இரும்புத் தாச்சி. அதன் அருகில் மூன்று வாளி தண்ணீர். காடு காய்ந்திருப்பதால் நெருப்பு மூட்ட நகரசபைக்கு அன்ட்ராக் எழுதிக்கொடுத்து, தீயணைப்புப் படைக்கும் அறிவித்திருந்தார்கள். சூனியக்காரிகளும் விண்ணப்பம் போட்டு அனுமதிக்குக் காத்திருக்கும் நாடு இது. வட்டத்தில் எங்களைத் தவிர எட்டுப்பேர். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், பாடசாலை ஆசிரியை ஒருவர், கறுப்பு உடுப்புப் போட்ட ஒருவர்கூட இல்லை. மதியக்காவுக்கு அது ஏமாற்றமாக இருந்திருக்கும்.

சமையலறை மேசையில் செடிகள் குவிந்து கிடந்தன. யோகானிஸ் என்று இவர்கள் சொல்லும் மஞ்சள் பூச்செடியின் மொட்டை நசுக்கினால் விரலில் சிவப்புச் சாறு ஒட்டும். பைஃபுஸ் என்ற இன்னொரு செடியின் மணம் எங்கள் மருக்கொழுந்துக்கு ஒன்றுவிட்ட சகோதரி. இந்த இரண்டாவதைத்தான் இடுப்புப் பட்டியாகப் பின்னிக் கட்டிக்கொண்டு, பிறகு கழற்றி நெருப்பில் போடுவார்கள்.

"இன்றைக்கு வெளிச்சம் உச்சியில் நிற்கிறது" என்று ஹைகே விளக்கினார். "நாளையிலிருந்து குறையும். அது குறைவதற்கு முதல் நாங்களாகவே எதையாவது விட்டுக்கொடுக்கிறோம். அவ்வளவுதான்."

நான் இதைத் தமிழில் சொன்னதும் மதியக்கா நிமிர்ந்தார். "அப்ப இது ஆடிப்பிறப்பெல்லே! ஒரு மாசம் முந்திக் கொண்டாடுதுகள்." சூரியன் தெற்கே திரும்புவதற்கு நாங்கள் கூழ் காய்ச்சுகிறோம் என்று ஹைகேக்குச் சொன்னேன். அவர் பின்னலை நிறுத்திவிட்டுக் கூழின் செய்முறையைக் கேட்டார். பனங்கட்டிக்கு ஜேர்மன் சொல் தெரியாமல் நான் திண்டாடிய வேளையில், மதியக்கா படத்தை மேசையில் வைத்துவிட்டார்.

சந்தைக்கும் வைத்தியருக்கும் மதியக்காவிடம் போதிய ஜேர்மன் உண்டு. செய்வினைக்கு இல்லை. நான்தான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. வெட்கத்தோடு பெயர்த்தேன்.

ஹைகே சிரிக்கவில்லை. படத்தை நீண்ட நேரம் பார்த்தார். "நாங்கள் எவர்மேலும் எதையும் ஏவுவதில்லை" என்றார். "எதை அனுப்பினாலும் அது அனுப்பியவரிடமே திரும்பி வரும் என்று நம்புகிறவர்கள் நாங்கள்."

"அப்ப என்ன கண்டறியாத சூனியக்காரி?" என்று மதியக்கா என்னிடம் சீறினார். இதை நான் பெயர்க்கவில்லை. ஆனால் ஹைகேக்கு விளங்கிவிட்டது.

"உங்கள் மகளுக்காகப் பெரிய பயம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறீர்கள்" என்றார் அவர். "அதற்கு எங்கள் நெருப்பில் இடம் இருக்கிறது." ஒரு பட்டியைத் தானே பின்னி மதியக்காவின் இடுப்பில் கட்டிவிட்டார்.

ஒரு மணி கடந்து இருபது நிமிடம். கடிகாரம் என்ன சொன்னாலும் இங்கே சூரியன் உச்சிக்கு வருவது அப்போதுதான். பலர் இந்த நெருப்பை இரவில் மூட்டுவார்களாம். ஹைகேயின் வட்டம் சூரியனின் நாளைச் சூரியனுக்கு முன்னாலேயே நடத்துகிறது. வட்டமாக நின்றோம், தலையில் ஓக் இலை மாலை. நான்கு திசைகளையும் பார்த்து, திசைக்கு ஒருவராக அழைப்புச் சொன்னார்கள். சென்ற வருடத்துக் காய்ந்த மூலிகைக் கட்டுகளை வைத்தே நெருப்பை மூட்டினார்கள். எதிர்பாராமல் எனக்குக் கண் கலங்கியது. கும்பிடத் தெரிந்தவர்களை எங்கே பார்த்தாலும் எனக்கு இப்படித்தான்.

ஒவ்வொருவராகப் பட்டியைக் கழற்றிப் போட்டார்கள். தபால்காரர் தன் அண்ணன் மீதிருந்த கோபத்தை விட்டுக்கொடுப்பதாகச் சொல்லிப் போட்டார். மதியக்காவின் முறை வந்தது. அவர் பட்டியைக் கழற்றவில்லை. படத்தை எடுத்தார்.

"கத்தரிக்கோல் கேள்" என்றார் என்னிடம். "பிள்ளை நெருப்பிலை போகப்படாது. உவளை மட்டும் வெட்டி எடுக்கவேணும். நான் வீட்டிலை எல்லா ஆல்பமும் பாத்திட்டன். அவள் தனிய நிக்கிற படம் ஒண்டும் இல்லை."

மனித முகம் ஒன்றை நெருப்பில் போட்டால், எவர்மேலும் எதையும் ஏவாத இந்த வட்டத்தின் சடங்கே கெட்டுவிடும் என்று எனக்குத் தெரிந்தது. ஹைகே என்னைப் பார்த்தார், மதியக்காவைப் பார்த்தார். பிறகு மூலிகை வெட்டும் கத்தரிக்கோலை எடுத்து நீட்டினார்.

மதியக்கா வாங்கில் அமர்ந்து படத்தைக் கத்தரியின் வாய்க்குள் வைத்தார். நிறுத்தினார். படத்தைத் திருப்பி மறுபக்கத்திலிருந்து வைத்தார். மறுபடியும் நிறுத்தினார். நான் எட்டிப் பார்த்தேன். படத்தில் ராஜினியின் கை தாரணியின் தோளைச் சுற்றி, மறுதோளை இறுகப் பிடித்திருந்தது.

"எங்கை வெட்டினாலும் கை கிடக்குதடி" என்றார் மதியக்கா. "கையை எடுத்தால் பிள்ளையின்ர தோளும் போகும்."

எவரும் அவசரப்படுத்தவில்லை. நெருப்பு ஒரு முறை தாழ்ந்து, விறகு போட்டதும் மறுபடி எழுந்தது. கோழிகள் கொக்கரித்தன. மதியக்கா கத்தரியை வாங்கில் வைத்துவிட்டு, படத்தைக் கைப்பைக்குள் திருப்பி வைத்தார். எழுந்து பட்டியைக் கழற்றி நெருப்பில் வீசினார். கையோடு மூன்று தேசிக்காயையும் போட்டார். சூட்டில் அவை ஒவ்வொன்றாகப் படாரென்று வெடிக்க, எங்கள் நாட்டுச் சடங்கு என்று நினைத்து எல்லோரும் கைதட்டினார்கள்.

பிறகு சோடி சோடியாகக் கைகோத்து நெருப்பைத் தாண்டினார்கள். மதியக்காவுக்கு முழங்கால் சரியில்லை. ஹைகே அவர் கையைப் பிடித்துக்கொண்டு நெருப்பை மூன்றுதரம் சுற்றி நடந்தார். வலம் வருவது என்றே நான் அதை எழுதுவேன். அதன்பின் பாண், தேன், ஸ்ட்ரோபெரி. தேனில் வடித்த மதுவை நான் இரண்டு குவளை குடித்தேன். மதியக்கா மணந்து பார்த்துவிட்டு என்னிடம் தந்ததுதான் இரண்டாவது.

மாலை ஐந்து மணிக்குப் பேருந்து. மலைச் சரிவில் பட்ட மரங்களுக்கு அடியில் முழங்கால் உயரத்துக்குப் புதிய கன்றுகள் பச்சையாக நிற்பது இறங்கும்போதுதான் கண்ணில் பட்டது. அதற்கு முன், ஏறும்போதே, சாரதி மதியக்காவின் தலையிலிருந்த இலை மாலையைப் பார்த்து, "ஹெக்ஸெயா?" என்று கேட்டார்.

"இண்டைக்கு மட்டும்" என்று மதியக்கா ஜேர்மனில் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

இவர்களிடம் சக்தி உண்டா என்று வாசகர்கள் கேட்பீர்கள். எனக்குத் தெரியாது. தங்கள் தோட்டத்துக்கு வந்த அந்நியப் பெண் ஒருத்தியின் கெட்ட எண்ணத்தைக் கண்டு அவளைத் துரத்தாமல், கத்தரிக்கோலைக் கொடுத்துக் காத்திருந்தார்கள். ஹனோவரில் எங்கள் ஆட்கள் யாரும் அவ்வளவு பொறுத்திருக்கமாட்டோம், நான் நிச்சயமாகப் பொறுத்திருக்கமாட்டேன்.

ஏழு மணிபோலப் புகையிரதத்தில் இருந்தோம். மதியக்கா கைபேசியை எடுத்துத் தாரணியை அழைத்தார். காது கொஞ்சம் மந்தம் என்பதால் எப்போதும் ஒலிபெருக்கியில்தான் பேசுவார். பெட்டி முழுவதும் கேட்டது.

"பிள்ளை, மாமிக்குச் சொல்லிப்போடு."

"எதையம்மா?"

"வயித்திலை இருக்கிறதை. அவளும் தெரிஞ்சுகொள்ளட்டும்."

மறுமுனையில் கதவொன்றைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"அம்மா, மாமிக்குத் தெரியும். முதல் ஸ்கானுக்கு அவதான் என்னோடை வந்தவ. எனக்குத் தனியப் போக ஏலாமல் கிடந்தது."

மதியக்கா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்ததை எப்படிச் சொல்வது? மூன்றாம் மாதம், நான்காம் மாதம் என்று அவர் பொத்திவைத்த பயம் முழுவதும் ஒரு நொடியில் வேலையில்லாமல் நின்றது. ராஜினிக்குத் தொடக்கத்திலிருந்தே தெரியும். பிள்ளையோ சுகமாக இருக்கிறது.

"என்னைக் கூப்பிட்டிருக்கலாமெல்லே?" என்று கேட்டார்.

"நீங்கள் அழுவியள் எண்டுதானம்மா கூப்பிடேல்லை."

"ஆர் அழுகிறது? நான் ஒண்டும் அழேல்லை" என்று மதியக்கா கைபேசிக்குள் கத்தினார். எதிர் இருக்கையில் இருந்த ஜேர்மன் பெண்மணி, ஒரு சொல்லும் விளங்காமல், தன் பையிலிருந்து கடதாசிக் கைக்குட்டை ஒன்றை எடுத்து நீட்டினார்.