நான் அனுப்பிய லொகேஷன்

மார்கழி ஞாயிறுகளில் குரோம்பேட்டையிலிருந்து நன்மங்கலம் காட்டுக்குப் பறவை பார்க்கப் போவேன். ஒருநாள் பழைய கல்குவாரியின் பாறையிடுக்கில், ஒரு கொம்பன் ஆந்தை இரண்டு குஞ்சுகளை அணைத்தபடி உட்கார்ந்திருந்தது. பெருமை தாங்காமல், படத்தோடு லொகேஷனையும் எங்கள் பறவை ஆர்வலர்கள் இணையக் குழுவில் போட்டேன்.

அடுத்த ஞாயிறு அங்கே இருபது பேர் கேமராவோடு நின்றார்கள். ஆந்தை பறக்கும் படம் வேண்டுமென்று ஒருவர் கல்லை எறிந்தார். தாய் எழுந்து பறந்ததும் காகங்கள் இறங்கிக் குஞ்சுகளைக் கொத்தி இழுத்தன.

நான் கத்தினேன். கல் எறிந்தவர் என்னை அடையாளம் கண்டு, "அண்ணா, நீங்க போட்ட லொகேஷன் கரெக்டா இருந்துச்சு, தேங்க்ஸ்" என்றார்.

பதிவை அன்றே அழித்துவிட்டேன். ஆனால் கத்துவதற்கு முன், ஆந்தை பறந்ததை நானும் படமெடுத்தேன். அது இன்னும் என் போனில் இருக்கிறது. நன்றாக வந்திருக்கிறது.