பக்கத்து சீட்டின் கைப்பிடி

பல் மருத்துவமனையில் அவனை எல்லோரும் மில்லிமீட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். பல் செட் செய்கிறவன். ஒரு பல் இம்மியளவு தூக்கலாக இருந்தாலும், போட்டுக்கொள்ளப் போகிறவர் வாயைத் திறக்கும் முன்பே கண்டுபிடித்து, ராவி, மறுபடியும் ராவி, டாக்டரின் பொறுமையைச் சோதித்துவிட்டுத்தான் கொடுப்பான். "வாய்க்குள்ள இடிக்கிறது சின்ன விஷயமில்ல டாக்டர், நாள் பூரா இடிக்கும்" என்பான். அப்படிப்பட்டவன் சொந்த அக்கா விஷயத்தில் கோட்டைவிட்டான்.

ஒரு மாடி வீட்டில் அவனும் அக்காவும் மட்டும்தான். இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்பவர்களுக்கு ஆளுக்கொரு பதில் தயாராக வைத்திருந்தார்கள், இரண்டுமே பொய். அக்காவுக்குச் சட்டைக் கம்பெனியில் துணி வெட்டும் வேலை. நாள் முழுக்க மேஜை முன்னால் நின்று, அடுக்கிய துணியில் மின்கத்தியை ஓட்ட வேண்டும். மாலையில் வீட்டுக்கு வந்தால் இடுப்பில் பிளாஸ்டரை ஒட்டிக்கொண்டு டிவி முன்னால் தூங்கிவிடுவாள். அவன் கைபேசியில் மூழ்கிவிடுவான்.

பேச்செல்லாம் காலையில், காரில்தான். மருத்துவமனைக்குப் போகிற வழியில் அவளை இறக்கிவிடுவான். ஏறி உட்கார்ந்ததும் அக்கா ஆரம்பித்துவிடுவாள். மேனேஜர் எப்படி மூக்கை உறிஞ்சுவார், பொத்தான் தைப்பவள் யாரோடு சண்டை, வீட்டு ஓனர் தண்ணீர் மோட்டாரை ஏன் பூட்டினார் என்று வாய் ஓயாது. முக்கியமான முடிவுகளும் அங்கேதான். வீடு மாறியது, அவளுடைய கண் ஆபரேஷன், ஏன், இந்தக் காரை வாங்கியதே பழைய காரில் பேசி முடித்ததுதான்.

இந்தக் கார்தான் அவனுடைய ஒரே ஊதாரித்தனம். பார்க்கச் சாதாரண ஐந்து கதவு வண்டி. மிதித்தால் சீறிக்கொண்டு கிளம்பும். வேறொருவர் ஓட்டிக் களைத்த வண்டி என்பதால் ஷாக் அப்சார்பர்கள் நாலும் ஓய்ந்து, வளைவில் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மாற்றியே ஆக வேண்டும். அவன் சும்மா மாற்றுகிற ஆளா? மாதக்கணக்கில் வீடியோ பார்த்தான், முன்பின் தெரியாதவர்களோடு இணையத்தில் மல்லுக்கு நின்றான். கடைசியில், வழியில் இருக்கிற கார் பாகங்கள் கடைக்கு ஒரு நாள் காலையில் வண்டியை விட்டான். அக்காவும் கூட இருந்தாள். மதிய சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

கடைக்காரர் மூன்று வழி சொன்னார். ஸ்பிரிங்கை மட்டும் மாற்றித் தாழ்த்தலாம். ஆனால் குழியில் விழுந்தால் அடியில் இருக்கிற தடுப்பு ரப்பரில் போய் இடிக்கும். உயரத்தைக் குறைக்காமல் நல்ல ஷாக் மட்டும் போடலாம். வளைவிலும் சாயாது, உட்காருபவருக்கும் சுகம். மூன்றாவது, ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாக வருகிற பந்தய செட். அவனுடைய கண் அதை விட்டு நகரவில்லை.

"தினம் ஓட்டற வண்டிதானே?" என்றார் கடைக்காரர்.

"ஆமா."

"பக்கத்துல யாரு உக்காருவாங்க? முதுகு வலிக்காரங்க யாராவது இருந்தா இந்த மூணாவது வேண்டாம். ஷாக்கோட திருகைத் தளர்த்திக் கொஞ்சம் மெதுவாக்கலாம், ஆனா ஸ்பிரிங்கே தடிச்சது, ஒண்ணும் பண்ண முடியாது."

அக்காவின் இடுப்பு வலி அவனுக்குத் தெரியாததா? பிளாஸ்டர் வாங்கி வருகிறவனே அவன்தான். உண்மையைச் சொன்னால் இரண்டாவதைத் தலையில் கட்டிவிடுவார் என்று பயந்தான்.

"யாருமில்லைங்க. நான் மட்டும்தான்" என்றான், குரலைத் தாழ்த்தி. அக்கா எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த டயர் கம்பெனிக் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செட் மாட்டி வந்த பிறகு அவனுக்குத் தலைகால் புரியவில்லை. வண்டி நினைத்த இடத்தில் திரும்பியது, நினைத்த கோட்டில் நின்றது. "எப்படிக்கா இருக்கு?" என்று கேட்டான். "தரையோட ஒட்டிக்கிட்டுப் போகுதுடா" என்றாள். அவன் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டான். தார்ச்சாலையில் கிடந்த ஒவ்வொரு கல்லும் அவள் இடுப்பை வந்து விசாரித்துவிட்டுப் போனது. மேனேஜர் கதையைத் தொடங்குவாள், ஒரு வேகத்தடை வரும், நாக்கைக் கடித்துக்கொள்வாள். மெல்ல மெல்லக் கதைகள் நின்றன. அவன் அதைக் கவனிக்கவில்லை. டயர் ரோட்டைப் பிடிக்கிற சத்தத்தைத்தான் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

கொஞ்ச நாளில் அக்கா, "எனக்கு வேலை நேரம் மாத்திட்டாங்க, இனி பஸ்ஸுலயே போய்க்கறேன்" என்றாள். அவனுக்கு என்ன தோன்றியது என்பதை மறைக்க வேண்டியதில்லை. சந்தோஷமாக இருந்தது. ஏரிக்கரை ஓரமாக வளைந்து வளைந்து போகிற சுற்றுப்பாதையில் இனி தினமும் போகலாம். போனான். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இன்றைக்கும் தன்னையே அறைந்துகொள்ளலாம் போல இருக்கும் அவனுக்கு.

மழை விட்டிருந்த ஒரு மாலை, அக்கா துணிகளை மடித்துக்கொண்டே சொன்னாள். கம்பெனி வேறு ஊரில் புதிதாக ஒரு யூனிட் திறக்கிறது. வெட்டும் பிரிவுக்கு அவளைப் பொறுப்பாளராக அனுப்புகிறார்கள். தங்க இடமும் கொடுக்கிறார்கள்.

"எப்போ கேட்டாங்க?"

"அது ஆச்சுடா ரொம்ப நாள்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!"

"சொல்லத்தான் நெனச்சேன். கார்ல ரெண்டு மூணு தடவை வாயெடுத்தேன், உன் வண்டி விடல." அவள் சிரித்தாள். "அப்புறம் பஸ்ஸுல தனியா உக்காந்து நானே யோசிச்சுச் சரின்னு சொல்லிட்டேன்."

போகாதே என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. மென்று விழுங்கினான். எந்த முகத்தோடு சொல்வான்?

மறுநாளே கடையில் போய் நின்றான். பந்தய செட்டைக் கழற்றிவிட்டு அந்த இரண்டாவதை மாட்டச் சொன்னான். கடைக்காரர் விசித்திரமாகப் பார்த்தார். வேலை முடித்து வண்டியைத் துடைத்த மெக்கானிக்தான், முன்பக்க இடது கதவுக்கு மேலே இருந்த கைப்பிடியை ஆட்டிக் காட்டினான். திருகு தளர்ந்து தொங்கியது.

"என்ன சார், இதைப் புடிச்சு யாராவது ஊஞ்சல் ஆடினாங்களா? மத்த மூணும் புத்தம்புதுசா இருக்கு."

அவனுக்குச் சுருக்கென்றது. எத்தனை நாள் காலையில் அவள் அதில் தொங்கிக்கொண்டே வந்திருக்கிறாள்! பக்கத்தில்தான் இருந்தான். ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தால் போதும். மெக்கானிக்கிடம் ஸ்குரூ டிரைவரை வாங்கி, அந்தத் திருகைத் தானே முடுக்கினான்.

அக்கா கிளம்பும் நாளன்று ரயில் நிலையத்துக்கு அவன்தான் அழைத்துப் போனான். பள்ளிக்கூட முனையில் முதல் வேகத்தடை வந்தது. வண்டி அலுங்காமல் ஏறி அலுங்காமல் இறங்கியது. ஆனால் அக்காவின் கை அதற்கு முன்பே மேலே போய்க் கைப்பிடியைப் பிடித்திருந்தது. அதைப் பார்த்து அவளே சிரித்து, கையை இறக்கிப் பை மேல் வைத்துக்கொண்டாள். அடுத்த வேகத்தடையிலும் கை மேலே போனது.

"இப்ப இடிக்காதுக்கா. மாத்திட்டேன்."

"தெரியுதுடா, நல்லா இருக்கு. பழக்கம்."

"அன்னைக்குக் கடையில அவர் கேட்டப்போ..." என்று ஆரம்பித்தான்.

"நான் அங்கதானடா உக்காந்திருந்தேன்" என்றாள் அக்கா. கோபமே இல்லாத குரல். ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, மேனேஜர் பிரிவு உபசாரத்தில் எப்படி மூக்கை உறிஞ்சினார் என்று சொல்லத் தொடங்கினாள். நாக்கைக் கடிக்காமல் முழுக் கதையும் சொல்லி முடித்தாள். ரயில் நிலையம் வந்துவிட்டது.

அவன் சுற்றுப்பாதையில் திரும்பவில்லை. நேர் வழியிலேயே வந்தான். வழியெல்லாம் குழிகள்தான், ஒன்றுகூட உள்ளே தெரியவில்லை. பக்கத்தில் யார் உட்காருவார்கள் என்று கடைக்காரர் இப்போது கேட்டால், அவன் அதே பதிலைச் சொல்லலாம். பொய் இல்லை. அவன் மட்டும்தான்.