ரத்தம் வராத அலகு

கோதண்டம் திருநின்றவூர் ஸ்டேஷனிலிருந்து நடந்து வந்து குழாயடியில் நின்றபோது காலை பதினோரு மணி. பட்டறையில் இருக்கவேண்டிய நேரம். பூங்காவனம் தம்பியின் முகத்தைப் பார்த்தாள். குடம் நிரம்பி வழிந்துகொண்டே இருந்தது.

“மாமா லேத்துகிட்டயே சாஞ்சிட்டாருக்கா.”

ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன்பே மூச்சு நின்றுவிட்டதை அவன் சொல்லவில்லை. 

அவள் புருஷன் ஜம்புலிங்கம் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் லேத்தில் கடைசல் வேலை பார்த்தவர்; கோதண்டமும் அங்கேதான். இரண்டு வருஷத்துக்கு முன் அவருக்குக் கெண்டைக்காலில் வலி பிடித்தது. ஸ்டேஷனிலிருந்து வீடு வருவதற்குள் பலமுறை நின்றுவிடுவார். அதை மறைக்க, நின்ற இடத்தில் யாரிடமாவது பேச்சுக் கொடுப்பார். அந்தத் தெருவில் அவருக்கு அத்தனை சிநேகிதம் சேர்ந்தது அந்த வலியால்தான். பிறகு ஒருநாள் பாதம் சில்லிட்டு வெளுத்துப்போக, பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

கால் பிழைத்தது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். ரத்தத்தில் சில புரதங்கள் இருக்கின்றன. வெளியே காயம் பட்டால் அவை வலைபோலப் பின்னிக்கொண்டு ரத்தத்தை உறைய வைத்து அடைக்கும். உள்ளே ரத்தக்குழாயின் சுவரில் கொழுப்புப் படிந்து வெடிப்பு விட்டாலும், அதையும் காயம் என்றெண்ணி அங்கேயும் அடைத்துவிடும். காலில் நடந்தது அதுதான், நெஞ்சிலும் நடக்கலாம். இந்த மாத்திரை அந்தப் புரதங்களைக் குறைத்து வைக்கும். என்னைக் கேட்காமல் ஒருநாள்கூட நிறுத்தக்கூடாது.

பீடியை விட்டார், மாத்திரையைப் போட்டார். வலியும் தணிந்தது. கால் சரியானால் ஆடியில் பொன்னியம்மனுக்கு அவர் அலகு குத்துவார் என்று நேர்ந்துகொண்டவள் பூங்காவனம். வேண்டுதல் அவளுடையது, கன்னம் அவருடையது.

காப்புக் கட்டுவதற்கு முந்தின நாள் முகம் மழிக்கும்போது மோவாயில் சிறு கீறல். துண்டு நனைந்தும் ரத்தம் நிற்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்த கோதண்டம் சிரித்தான்.

“மாமே, அலகு குத்தசொல்ல இப்பிடி ஊத்திச்சின்னா ஊரு சும்மா வுடுமா? வெரதத்துல கறி துன்னுட்டாருன்னு சொல்லும்.”

“டாக்டரு குடுத்த மாத்திரடான்னு சொல்றேன்.”

“அம்மனுக்கு டாக்டரத் தெரியாது மாமே.”

அலகு குத்தினால் ரத்தம் வரக்கூடாது. வந்தால் விரதத்தில் குற்றம். பூங்காவனத்துக்கு அன்று தூக்கம் வரவில்லை. மறுநாள் மாத்திரை டப்பாவை எடுத்து அம்மன் படத்துக்குப் பின்னால் வைத்தாள். தேடி வந்தவரிடம், “பத்து நாளுதான், காப்பு அவுக்கற வரைக்கும் வேணாம்யா. அவ பாத்துக்குவா,” என்றாள். அவர் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். பிறகு, “சரி, நீ சொல்றே,” என்று வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

திருவிழா அன்று வேல் கன்னத்தில் நுழைந்தது. பொட்டு ரத்தம் இல்லை. பெண்கள் அவர் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். பூங்காவனம் கூட்டத்தைப் பெருமையாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அன்று அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததை இப்போது நினைத்தால் அவளுக்கு உடம்பு கூசும்.

காப்பு அவிழ்த்ததும் டப்பாவை எடுத்துக் கொடுத்தாள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அவர் உட்கார்ந்து, பிடி கழன்ற அவளுடைய வாணலிக்குப் புதுப்பிடி வைத்தார். ஒரு ஆணி அறைந்ததும் மற்றது குட்டையாக இருப்பதைப் பார்த்து, நாளைக்குப் பட்டறையில் ஒன்று கடைந்து எடுத்துவருவதாகச் சொல்லி வைத்துவிட்டார். அந்த ‘நாளை’தான் கோதண்டம் குழாயடிக்கு வந்த நாள்.

காரியம் முடிந்தபின் அவள் தனியாக டாக்டரைப் போய்ப் பார்த்து டப்பா விஷயத்தைச் சொன்னாள். அவர் திட்டவில்லை. மறுபடி ஆரம்பித்தாலும் அந்த மாத்திரை பிடிக்கச் சில நாள் ஆகும் என்றார். நிறுத்தாமல் இருந்திருந்தாலும் மாரடைப்பு வந்திருக்கலாம், யாராலும் உறுதியாகச் சொல்லமுடியாது என்றார். அந்த ‘இருந்திருந்தாலும்’ அவளுக்கு உதவவில்லை. தம்பியிடம் இதைப் பற்றி அவள் இதுவரை பேசவில்லை. அவனும் அதற்கப்புறம் ஆடித் திருவிழாவுக்குப் போகவில்லை.

அந்த வாணலியில்தான் இன்றும் சமைக்கிறாள். ஒற்றை ஆணியில் பிடி ஆடுகிறது. துணி சுற்றிப் பிடித்து இறக்குகிறாள். இரண்டாவது துளையில் ஆணி இல்லை.